ஈரல் போன இடம்

போன வருடம் தைப்பூசம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஷா ஆலம் நகரைத் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்து ஓரத்தில், என் போட்டியாளரை முதன்முதலாக நேரில் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தார். மரியாதைக்குக் காரணம் உண்டு. அவர் ஒரு பெண் சிங்கம்.

யாரோ வசதியானவர் பங்களாவில் திருட்டுத்தனமாக வளர்த்து, அலுத்ததும் கைவிட்ட சிங்கம். நன்கொடையில் நடக்கும் ஒரு காப்பகம் அதை மீட்டு வைத்திருந்தது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில் இருக்கும் பெண்கள், என் மனைவி தலைமையில், வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து அதற்குக் கோழியும் ஈரலும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நல்ல காரியம்தான். நாலு பேர் முன்னால் நானும் அப்படித்தான் சொன்னேன்.

வீட்டுக்குள் கதை வேறு. மனைவியின் கைப்பேசியைத் திறந்தால் சிங்கம். முன்பு அங்கே நான் இருந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், முருகன் இருந்தார். முருகனையே நகர்த்தியவளிடம் நான் எம்மாத்திரம்? சிங்கத்தை அவள் 'பாப்பா' என்பாள். என்னை 'இந்தாங்க'.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஈரல் விஷயம். அதற்கு முந்தைய வருடம் முட்டி வீங்கி நான் படுத்துவிட்டேன். டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தொடமாட்டேன் என்றேன். அதன் பக்கவிளைவுகளை இணையத்தில் படித்திருந்தேன், படித்தவன் இல்லையா. அவள் சண்டையே போடவில்லை. அந்த மாதம் முழுக்க மிளகு தூக்கலாகப் போட்டு ஈரல் வறுவல். பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் மண வாழ்க்கையின் பொற்காலம். முட்டியும் தானாகச் சரியாகிவிட்டது. மனோபலம் பற்றித் தே தாரிக் டீக்கடையில் நண்பர்களுக்கு வகுப்பே எடுத்தேன்.

சிங்கம் வந்தது, வீட்டில் ஈரல் நின்றது. பாசார் சந்தையில் வாங்குவதெல்லாம் பாப்பாவுக்கு, எனக்குக் கத்தரிக்காய்.

அந்த ஞாயிறு ஐஸ் பெட்டி தூக்க ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிப்போனாள். சிங்கம் எழுந்திருக்கவில்லை. அதைப் பராமரிக்கும் தமிழ்ப் பெண்மணி கவலையாக நின்றார்.

"மூட்டு வலி, அக்கா. கறிக்குள்ள மாத்திரை வச்சா கறிய தின்னுட்டு மாத்திரைய துப்பிடுது லா. இப்படியே போனா எழுந்திரிக்கவே மாட்டா."

என் மனைவி ஐஸ் பெட்டியைத் திறந்தாள். "கறி வேணாம், ஈரல்ல ஆழமா கீறி வைங்க. மொத ரெண்டு துண்டு சும்மா குடுங்க, நம்பிக்கை வரட்டும். மூணாவதுல மாத்திரை. உடனே நாலாவத கண்ணுல காட்டணும். அவசரத்துல முழுங்கிடும்."

"எப்படிக்கா இதெல்லாம்? பூனை வளர்த்தீங்களா?"

"இல்ல. இவருக்கு முட்டி வீங்கினப்ப இப்படித்தான். என்ன, பொடி பண்ணி வச்சேன்."

அந்தப் பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணே துப்பலையாக்கா?"

"மிளகு இருந்துச்சுல்ல."

அந்த மாதம் தினமும் நடுவில் ஒரு துண்டு மட்டும் கசந்ததும், கேட்டால் "ஈரல்னா அப்படித்தான்" என்று அவள் சொன்னதும் நினைவுக்கு வந்தன. மனோபலம் அங்கேயே, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில், கரைந்து போனது.

நீளமான இடுக்கியில் ஒவ்வொன்றாக நீட்டினார்கள். முதல் துண்டு, இரண்டாவது. மூன்றாவதை வாயில் வாங்கிய சிங்கம் கொஞ்சம் யோசித்தது. என் மனைவி நாலாவதைக் காட்டச் சொன்னாள். "சாப்பிடும்மா கண்ணு." விழுங்கிவிட்டது. படித்த சிங்கமாக இருந்தாலும் விழுங்கியிருக்கும்.

திரும்பும் வழியில் ஜாமில் நின்றபோது கேட்டேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா சாப்பிட்டிருப்பீங்களா?"

"அப்ப தினமும் பக்கத்துல உக்காந்து பார்த்தது?"

"துப்பிடுவீங்களோன்னு பயம்தான். நீங்க எழுந்து நடக்கணும்ல."



பொறாமை அன்றோடு போய்விட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். போகவில்லை. ஆனால் பாப்பாவுக்குக் கிடைப்பதெல்லாம் எனக்கு முதலில் கிடைத்ததுதான் என்று தெரிந்தபின், ஐஸ் பெட்டியை நானே கேட்டுத் தூக்குகிறேன். எப்போதாவது வீட்டில் ஈரல் வறுத்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மூன்றாவது துண்டை மெதுவாக மெல்லுகிறேன், அது கசக்காவிட்டால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது.