சைதாப்பேட்டையில் ஒரு போர்முனை

செய்திச் சேனல் வேலையை விட்ட பிறகு நான் எழுதி இயக்கிய முதல் படம் ஒரு நகைச்சுவை. போர்ச் செய்தி சேகரிக்க வெளிநாடு போக வேண்டிய இரண்டு நிருபர்கள், பயத்தில் விமானம் ஏறாமல் சைதாப்பேட்டையில் ஒளிந்துகொள்கிறார்கள். அங்கே ஓர் இடிந்த கட்டடத்தின் முன்னால் நின்று தினமும் போரை நேரலையில் கொடுக்கிறார்கள். தி.நகரில் கணுக்கால் தண்ணீரில் மண்டியிட்டுக்கொண்டு இடுப்பளவு வெள்ளம் என்று பேசிய நிருபரை நேரில் பார்த்தவள் நான். கதைக்காக அதிகம் கஷ்டப்படவில்லை.

ஆற்றோரம் பாதி இடித்துப் போட்டிருந்த கட்டடத்தில் படம்பிடித்தோம். அந்த இரண்டு பேரில் ஒருவராக நடித்தவர் என்னோடு வேலை பார்த்த நிஜ நிருபர். தலைக்கவசத்தோடு, புகைக்கு நடுவே குனிந்து ஓடி, மூச்சு வாங்கப் பேசுவார். மின்சார ரயில் சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டு மறுபடி எடுப்போம். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் யாரோ அதைப் போனில் எடுத்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது.

அடுத்த வாரம் ஒரு காலையில், மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருந்த பெண் கதவைத் தட்டினாள். அவள் கணவர் வெளிநாட்டில் ஏசி மெக்கானிக். அந்த நாட்டில் அப்போதுதான் நிஜமாகவே குண்டு விழத் தொடங்கியிருந்தது.

“அக்கா, அவரு கீற ஏரியானு போட்டுகிறாங்க. நேத்துலேர்ந்து லைன் கெடைக்கல. நீங்க டிவில இருந்தவங்கதானே, பாத்து சொல்லுங்க,” என்று போனை நீட்டினாள்.

திரையின் மூலையில் ஒரு சேனலின் முத்திரை. நடுவில் எங்கள் கட்டடம், எங்கள் புகை, குனிந்து ஓடும் என் நண்பர். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

இது எங்கள் ஷூட்டிங் என்று சொன்னேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள். ஆட்டோ பிடித்து அங்கேயே கூட்டிப்போனேன். கரி படிந்ததுபோல் இருந்த சுவரில் கை வைத்துப் பார்த்தாள். கறுப்புப் பெயின்ட் உதிர்ந்து விரலில் ஒட்டியது. செங்கல் குவியல் மேல் உட்கார்ந்து அழுதாள். பிறகு கேட்டாள்:

“அப்போ அவரு இருக்குற எடம் எப்டி கீதுனு எனக்கு யாருக்கா சொல்லுவாங்க?”



அந்தச் சேனலுக்குப் போன் செய்தேன். விசாரிக்கிறோம் என்றார்கள். மதியமும் அதே காட்சி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தயாரிப்பாளருக்கோ ஏகக் குஷி. இதைவிடப் பெரிய விளம்பரம் எங்கே கிடைக்கும், படம் வெளிவரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்றார். திறப்பேன் என்றேன். அப்படியானால் விலகிக்கொள்வதாகச் சொன்னார். விலகிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அன்று மாலைக்குள் நண்பரை அதே உடையில் அதே இடத்தில் நிறுத்தினேன். அவர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, “இது சைதாப்பேட்டை. நான் சினிமாவுக்காக நடிச்சேன். இங்க குண்டு எதுவும் விழல,” என்றார். கேமராவை ஆற்றுப் பக்கமும், தூரத்தில் போன ரயில் பக்கமும், டீக்கடைப் பக்கமும் திருப்பினேன். அதை வெட்டாமல் அப்படியே இணையத்தில் போட்டோம். வேகமாகப் பரவியது. சேனல் சத்தமில்லாமல் காட்சியை எடுத்துவிட்டது. மன்னிப்பு என்று ஒரு வரிகூட இல்லை.

அந்த வாரக் கடைசியில் அவள் கணவர் பேசினார். கம்பெனிக்காரர்கள் வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்களாம். அவள் மாடியேறி வந்து சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

தயாரிப்பாளர் இல்லாமல் படத்தை முடிக்க ரொம்ப நாளாயிற்று. கணவர் இருக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு அந்தப் போலி நிருபர்களிடம் ஒரு பெண் வருகிற காட்சியைப் புதிதாகச் சேர்த்தேன். கீழ்வீட்டுப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். சிரிப்புப் படம் அங்கே உடைகிறது என்று நண்பர் வாதாடினார். உடையட்டும் என்றேன்.

அடையாறில் ஒரு சிறிய அரங்கில் போட்டுக் காட்டினோம். அந்தப் பெண் வருகிற இடத்தில் சிரிப்பு நின்றது. மறுபடி சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. படத்தை வாங்க முன்வந்த ஒருவர், அந்தக் காட்சியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டு, வேறு ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.