சங்கு ஊதினால் பாதை வராது

கேம் செய்கிற தொழிலில் இருப்பவர்களுக்கு விளையாட மட்டும் நேரம் கிடைப்பதில்லை. மாதக்கணக்கில் மினக்கெட்டுச் செய்த வேலையை யாரோ ஒரே சொல்லில் தூக்கிப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கூட்டம்தான்.

மட்டக்களப்பு டவுனில் மருந்து விற்கும் ஒரு பாமசிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் ஆறு பேர். தன்னாமுனை ஜூட் அண்ணன்தான் தலைவர். அரக்கன், மந்திரவாதி, வாள், வாவி எல்லாம் உள்ள ஒரு மாயாஜாலக் கேமை இரண்டு வருடமாகச் செய்தோம். நாயகன் பையில் கொண்டு திரியும் பொருட்களைச் செய்வது என் வேலை. விளக்கு, கயிறு, மூலிகைப் பொட்டலம் என்று நான் செய்தவை ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டுப் போக, கடைசியில் மிஞ்சியது ஒரு சங்கு. கேமை வெளியிடும் வெளிநாட்டுக் கம்பனிக்கு ஒரு விதி உண்டு: கேமுக்குள் மிஞ்சி நிற்கும் வேலைக்கு மட்டும்தான் முடிவில் ஓடும் பட்டியலில் பெயர் வரும். என் அப்பாவோ, மகளின் பெயர் வரப்போகிறது என்று வாவிக்கு அக்கரையிலுள்ள எங்கள் படுவான்கரை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். என் மானம் அந்தச் சங்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆக்கள் சேரட்டும்

எங்கள் கேமில் ஒரு வாவி, அதைக் கடக்க ஒரு பாதை. வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: ஆட்கள், மோட்டார் சைக்கிள், ஆடு என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும் தட்டையான படகைத்தான் நாங்கள் பாதை என்போம். நான் தினமும் பாதை ஏறி, பிறகு பஸ் ஏறித்தான் வேலைக்கு வருகிறேன். ஆக்கள் சேர்ந்தால்தான் எங்கள் துறையில் பாதை வெளிக்கிடும். ஆகவே கேமிலும் பத்துப் பேர் சேரும்வரை பாதை கரையிலேயே நிற்கும்படி செய்தோம். ஆறு பேரில் ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை. விளையாடிப் பார்க்க வந்த ஊர்க்காரர்களும் ஃபோனை நோண்டிக்கொண்டு பேசாமல் காத்திருந்தார்கள்.

வெளியீட்டுக் கம்பனிப் பெண்மணி முதல் தடவை விளையாடிவிட்டு வீடியோ அழைப்பில் வந்தார். முகம் சரியில்லை. ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். ஜூட் அண்ணன் தலையாட்டிக் கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்:

“மனிசி ரெண்டு தரம் கம்பியூட்டர நிப்பாட்டிப் போட்டுப் பாத்திருக்கு. பாதை நிக்கிறதப் பாத்து, கேம் செத்துப் போச்செண்டு நினைச்சிட்டாவாம்.”

கதிரை

அன்றைக்குத்தான் சங்கு பிறந்தது. நாயகன் அதை எடுத்து ஊதினால் போதும், பாதை ஆளில்லாமலே ஓடிவந்து அவன் காலடியில் நிற்கும். ஒவ்வொரு காலையும் கரையில் நின்று நான் ஆசைப்பட்ட பொருள் அது, அதனால் ஆசையாகவே செய்தேன். ஊதும் சத்தம் அசலாக இருக்கவேண்டும் என்று ஜூட் அண்ணன் சொன்னார். கோயிலில் கேட்டு ஒரு சங்கு வாங்கிவந்து, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்கத் திரும்பத் திரும்ப ஊதிப் பதிவு செய்தோம். எங்கள் பக்கம் செத்த வீட்டிலும் சங்குதான் ஊதுவார்கள் என்பது ஆறு பேரில் ஒருவருக்கும் அந்த நேரம் நினைவில் இல்லை.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வளவு ஐயா, கைக்கு ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் கதிரையோடு மூச்சு வாங்க நின்றார்.

“ஆர் மோசம் போன எண்டு பிறகு கேக்கிறன். முதல்ல கதிரை எத்தினை வேணுமெண்டு சொல்லுங்க.”

வட்டைக்குள் பாதை

கரடியனாற்று ரூபன் வேளாண்மை செய்கிறவன். நெல் வெட்டு முடிந்து கையில் வேலை இல்லாத நாட்களில் எங்களுக்குக் கேம் விளையாடிப் பார்த்துக் கொடுப்பான். கண்ட பிழைகளை எழுதத் தாள் கொடுத்தோம். ‘எல்லாம் நல்லம்’ என்று ஒரே வரி எழுதித் தந்தான். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பிறகுதான் அவன் விளையாடிய பதிவை ஓடவிட்டுப் பார்த்தேன். நாயகன் வயல் வட்டையின் நட்டநடுவில் நின்று சங்கை ஊதுகிறான். பாதை வரம்பெல்லாம் ஏறி இறங்கி, விளைந்த நெல்லின் மேலால் வருகிறது. ரூபன் ஒரு சலனமும் இல்லாமல் ஏறிப் போகிறான். தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் வரவேண்டும் என்று சங்குக்குச் சொல்லிக் கொடுக்க நான் மறந்துவிட்டேன்.

அதைத் திருத்த ஒரு கிழமை போனது. ஏன் இதை எழுதவில்லை என்று கேட்டேன்.

“மாரி வெள்ளத்துக்கு எங்கட வட்டைக்குள்ள தோணிதானே அக்கா ஓடுற? இதில என்ன பிழை?”

அந்தாள் ஆரு?

அடுத்து வந்தவர் குருக்கள்மடத்து ரீச்சர். பள்ளிக்கூட விடுமுறை. இரண்டே நாளில், ஊது ஊது என்று சங்கை ஊதி, முழுக் கேமையும் முடித்துவிட்டார். அதுவரை யாரும் முடித்ததில்லை. எல்லோரும் எழும்பிக் கைதட்டினோம். நான்தான் பெலமாகத் தட்டினேன்.

கதையின் முடிச்சு என்னவென்றால், கடைசியில் எதிரே நிற்கும் அரக்கன் நாயகனின் சொந்த அண்ணன். அந்த இரகசியத்தைப் பாதைக்குக் காத்து நிற்கும் ஆட்கள்தான் கரையில் நின்று கொஞ்சம் கொஞ்சமாகக் கதைப்பார்கள். கேட்டவன் கடைசியில் வாளைக் கீழே போட்டு அண்ணனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சங்கு இருப்பவன் எதற்குக் கரையில் நிற்கப் போகிறான்? ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கேம் வடிவாத்தான் இரிக்கு. ஆனா, கடைசியா நான் வெட்டின அந்தாள் ஆரு?”

 

வெட்டு

இரண்டு நாள் ஜூட் அண்ணன் என் கண்ணில் படாமல் திரிந்தார். மூன்றாம் நாள் அவராகவே தேத்தண்ணியும் கட்லட்டும் வாங்கி வந்து என் மேசையில் வைத்தபோதே விசயம் விளங்கிவிட்டது. நானும் விடவில்லை. மூன்று தரம் மட்டும் ஊதலாம் என்று வைப்போம் என்றேன். வைத்துப் பார்த்தோம், விளையாடினவர்கள் அந்த மூன்று தரத்தையும் இரகசியம் சொல்லும் இடங்களிலேயே ஊதி முடித்தார்கள். கரையில் கதை கேட்டவனுக்கு மட்டும் சங்கு கொடுப்போம் என்றேன். கதை கேட்டு முடித்தவனுக்கு அதற்குப் பிறகு சங்கு எதற்கு என்றார். அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கும் கதையையும் சொன்னேன். ஜூட் அண்ணன் கட்லட்டை என் பக்கம் தள்ளினார்.

“உன்ர சங்கு நல்லா வேலை செய்யுது புள்ள. அதுதான் பிரச்சினை.”

பின்னேரம் பாதையில் நின்றபடி அழுதேன். யாரும் கேட்கவில்லை, காற்றுக்குக் கண் கலங்குகிறது என்று நினைத்திருப்பார்கள். அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

இன்னும் நாலு பேர்தான்

சங்கு போனதும் பழைய தலையிடி திரும்பி வந்தது: அந்தப் பெண்மணி மறுபடி கரையில் நிற்கப் போகிறார். பத்துப் பேர் என்பதை ஆறாகக் குறைத்தோம். கேம் செத்துப் போகவில்லை என்று தெரிய, படகோட்டி இடைக்கிடை ஏதாவது பேசட்டும் என்றார் ஜூட் அண்ணன். வசனம் எழுத வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். தற்காலிகமாக நீ எழுது என்றார்கள். இருந்த எரிச்சலுக்கு, எங்கள் துறையில் பாதை ஓட்டும் அண்ணன் காலை காலை என்னிடம் சொல்லும் சொல்லையெல்லாம் அப்படியே கொட்டினேன். ‘ஆக்கள் சேரட்டும்.’ ‘இந்தா, இன்னும் நாலு பேர்தான்.’ ‘அவ்வளவு அவசரமெண்டா நேத்தைக்கே வந்திருக்கலாமே.’ இன்னும் பத்துப் பேர் வர இருந்தாலும் அந்த அண்ணனுக்கு அது நாலு பேர்தான்.

ஜூட் அண்ணன் அதை ஆங்கிலமாக்கி அனுப்பினார். அடுத்த வீடியோ அழைப்பில் அந்தப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் பயந்தே போனேன்.

“சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணில தண்ணியாம் புள்ள. படகோட்டிட பேச்சில ஒரு சொல்லையும் தொடக்கூடாதாம். எழுதின ஆள்ட பேரைக் கேக்கிறா.”

கரையில்

பட்டியலின் கடைசிப் பிரதி வந்தது. ‘படகோட்டியின் பேச்சு’ என்று போட்டு, எதிரே என் பெயர். சங்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்பா அதை ஃபோனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். படகோட்டி என்ன, பாதையின் சொந்தக்காரி என்றே சொல்லித் திரிவேன் என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மறுநாள் காலையில் பாதை ஓட்டும் அண்ணனிடமும் காட்டினேன். எல்லாம் உங்கள் வாய்ச்சொல்தான் அண்ணன், நான் எழுதினது மட்டும்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்பதுபோல நின்றேன். அவர் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்து, ஃபோனை வாங்கி, என் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்து, திருப்பித் தந்தார்.

“நல்லம் புள்ள, சந்தோசம். ஏறி நில்லு. இந்தா, இன்னும் நாலு பேர்தான்.”

யாரும் கரையில் காத்து நிற்கக் கூடாதென்று சங்கு செய்து பாடுபட்ட என் பெயர், எல்லோரையும் காக்க வைத்த புண்ணியத்துக்காகப் பட்டியலில் ஏறிய அன்றைக்கும் நான் வேலைக்குப் பிந்தித்தான் போனேன்.