வியட்நாமில் ராகு காலம்

எங்கள் வீட்டில் ராகு காலத்தில் கேஸ் சிலிண்டர்கூட மாற்ற முடியாது. சாம்பார் பாதி கொதியில் நின்றால் நிற்கட்டும், ராகு காலம் தாண்டித்தான் புது சிலிண்டர். திண்டிவனத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கும் என் கணவருக்கு இரண்டு விஷயங்களில் சந்தேகமே வராது. ஒன்று, எந்தச் சுவர் எத்தனை லிட்டர் குடிக்கும் என்பது. இன்னொன்று, எந்தக் கிழமையில் ராகு காலம் எப்போது என்பது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பழகிவிட்டேன். ஆனால் வியட்நாம் விசா விஷயத்தில் பல்லே தேய்ந்துவிட்டது.

விழுப்புரத்தில் இருக்கும் என் தங்கைதான் ஆரம்பித்துவைத்தாள். அவளுக்குத் தெரிந்த பெண்கள் சேர்ந்து வியட்நாமுக்கு டூர் போகிறார்கள், ஓர் இடம் காலியாக இருக்கிறது, வர்றியா என்று போனில் கேட்டாள். எனக்கும் விமானத்துக்கும் உள்ள உறவு, அண்ணாந்து பார்ப்பதோடு சரி. என்றைக்காவது உதவும் என்று எடுத்த பாஸ்போர்ட் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. அதில் ஒரு முத்திரைகூட விழாமலே காலாவதி ஆகிவிடுமோ என்று உள்ளூர ஒரு கவலை எனக்கு. இவரிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

"போய்ட்டு வாயேன். நான் கடையப் பாத்துக்கினு இருக்கேன். எனக்குத்தான் பாஸ்போர்ட்டே இல்லையே" என்றார்.

அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

டூர்க்காரர் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் எல்லோரும் ஆன்லைனில் விசாவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். தவறினால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். தங்கை செவ்வாய்க்கிழமையே ஒரு கையில் வடை சுட்டுக்கொண்டு மறு கையில் செல்போனில் போட்டு முடித்துவிட்டாள்.

"நேரம் பாத்தியாடி?" என்று கேட்டேன்.

"எண்ண காயற நேரத்துல போட்டேங்க்கா" என்றாள்.

நான் புதன்கிழமை காலையில் லேப்டாப்பைத் திறந்தேன். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், போட்டோ என்று வரிசையாகக் கேட்டது. பொறுமையாகத் தட்டிக்கொண்டே வந்தேன். அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று ஓர் இடம் வந்தது. இவர் பெயரைப் போட்டேன். பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், "எம்பேரு எதுக்கு அதுல?" என்றார்.

"அங்க எனக்கு எதாச்சும் ஒண்ணு ஆனா உங்களுக்குத்தாங்க போன் பண்ணுவாங்க."

இவர் முகம் சட்டென்று மாறிவிட்டது. நேராகப் போய்க் காலண்டர் முன்னால் நின்றார்.

"இப்ப எதையும் அமுத்தாத. பத்தரைக்கு குளிகை ஆரம்பிக்குது. அதுல போடு."

குளிகை நேரத்தில் எதைச் செய்தாலும் அது திரும்பத் திரும்ப நடக்குமாம். அதனால் நகை வாங்கலாம், வீடு வாங்கலாம், கடன் மட்டும் வாங்கக் கூடாது. விசாவும் நல்ல காரியம்தானே என்று நானும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பத்தரை ஆனதும் அமுக்கினேன். நேரம் முடிந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கவும் என்று வந்தது. அந்தத் தளத்தைக் குறை சொல்ல மாட்டேன். அதுவும் எவ்வளவு நேரம்தான் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்?

இரண்டாம் முறை நிரப்பி முடித்தேன். "கெழக்கப் பாத்து உக்காந்து அமுத்து" என்றார். எங்கள் வீட்டில் வசதியாகக் கிழக்கே பார்த்து உட்காரும் இடம் சமையலறை மூலை ஒன்றுதான். அங்கே வைஃபை எட்டாது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி, கடைசியில் அதுவும் களைத்துப்போய் நின்றுவிட்டது.

மூன்றாம் முறை ஆரம்பிப்பதற்குள் லேப்டாப்புக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார். வைத்த இடம், நாம் விரல் வைத்துத் தேய்க்கும் இடம். என் விரல் ஒரு பக்கம் வழுக்க, அம்புக்குறி இன்னொரு பக்கம் ஓட, நான் ஆண் என்று விழுந்துவிட்டது. அதைத் துடைத்து, என்னைத் திரும்பப் பெண்ணாக்கி, எல்லாம் சரிபார்த்து நிமிர்ந்தால், ஒரு தட்டில் சூடம் எரிகிறது. "தொட்டு ஒத்திக்கினு அமுத்து" என்றார். ஒத்திக்கொண்டு அமுக்கினேன். நேரம் முடிந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கவும்.

குளிகை கச்சிதமாக வேலை செய்தது. ஒரே விண்ணப்பத்தை நான் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் தொடங்கியதும் இவரே வந்து லேப்டாப்பை மூடிவிட்டுக் கடைக்குப் போனார்.

சாயங்காலம் முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார். "ஏன் போவலன்னு இப்பத்தான் புரிஞ்சுது. அங்க மணி நம்மளவிட ஒண்ணரை மணி நேரம் முன்னால ஓடுது. காலைல நமக்குக் குளிகைன்னு போட்டோமே, அப்ப அங்க ராகு காலம். அங்க முடிஞ்சதும் ராகு நேரா நம்ம ஊருக்கு வந்துடறாரு."

"எதுலங்க வர்றாரு, பஸ்ஸுலயா, ரயில்லயா?" என்றேன்.

இவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு உனக்கு சந்திராஷ்டமம். நாள் பூரா எதையும் தொடாத. வெள்ளிக்கெழம காலைல போடலாம். ரெண்டு ஊருக்கும் தோதா இருக்குது."

"வெள்ளிக்கெழம அந்த எடத்துல வேற எவளாச்சும் உக்காந்துகினு இருப்பா! உங்களோட ஒரே பேஜாரு!" என்று கத்தினேன். கத்தி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. ஒரு பொட்டுச் சந்தனத்துக்கும் ஒரு வில்லைச் சூடத்துக்கும் என் வியட்நாம் போய்விட்டதே என்று நிஜமாகவே வயிறு எரிந்தது.

மறுநாள் இவர் கடைக்குக் கிளம்பியதும் பாஸ்போர்ட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். தங்கை முதலில் சோறு போட்டாள். பிறகு என் பாஸ்போர்ட்டை வாங்கி, ஃபிரிட்ஜில் சாய்ந்தபடி, எந்தத் திசை என்றே தெரியாத ஒரு திசையைப் பார்த்துக்கொண்டு செல்போனில் தட்டினாள். கடைசியில் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அக்கா, ராகு காலம் ஓடிக்கினு இருக்குது. போடவா, வேணாவா?"

"போடுடி" என்றேன்.

ஒரே அமுக்கில் போய்விட்டது. சூடம் இல்லை, சுழலும் வட்டம் இல்லை. எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

தங்கை வீட்டில் போட்டுவிட்டேன் என்று மட்டும் இவரிடம் சொன்னேன். எப்போது என்று இவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த வாரம் விசா வந்தது. செல்போனை நீட்டினேன். என் போட்டோவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "காலைல குளிகையிலதான போட்ட?" என்றார்.

எத்தனை வருடமாகக் காத்திருந்த தருணம்! நட்ட நடு ராகு காலத்தில், அதுவும் சந்திராஷ்டமத்தில் போட்டேன், இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் இவரே பேசினார்.

"அதுக்குத்தான் குளிகை குளிகைன்னு அடிச்சிக்கினேன். ஒருவாட்டி போனா மறுவாட்டியும் போற மாதிரி ஆவும். மறுவாட்டி நானும் கூட வர்லாம் இல்ல?"

நாக்கு நுனியில் இருந்ததை அப்படியே விழுங்கிவிட்டேன். "ஆமாங்க, குளிகையிலதான்" என்றேன்.

வியட்நாமில் கடலுக்குள் முளைத்த மலைகளை எல்லாம் பார்த்தேன். படகில் போனேன். சிப்பியைச் சாப்பிடச் சொன்னார்கள், கும்பிடு போட்டேன். தினமும் இவரிடமிருந்து ஒரு போன் வரும். அங்கே ராகு காலம் முடிந்த கையோடு, அந்த ஊர் மணிப்படி சரியாக வரும். "சாப்ட்டியா?" என்பார், வைத்துவிடுவார். மலைகள் அத்தனை அழகாக இருந்தும், அந்தப் போனுக்காகவே கையில் செல்லை வைத்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னால் என் தங்கையே நம்ப மாட்டாள்.

திரும்பி வந்து, போன வாரம் இவருக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பிக்க உட்கார்ந்தோம். இவர் சட்டை மாட்டிக்கொண்டு கடைச் சாவியோடு பக்கத்தில் நின்றார். மளமளவென்று தட்டிக்கொண்டே போனேன். அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்ற இடம் இதிலும் வந்தது. என் பெயரைத் தட்டினேன். தட்டி முடித்ததும், அன்றைக்கு இதே இடத்தில் இவருக்கு நான் சொன்ன பதில் ஞாபகம் வந்து, விரலை எடுத்துக்கொண்டேன்.

"ஜல்தி அமுத்து, கடைக்கு ஆளு வந்துருப்பாங்க" என்றார்.

"கொஞ்சம் இருங்க" என்று எழுந்துபோய்க் காலண்டரைப் பார்த்தேன். குளிகைக்கு இன்னும் நேரம் இருந்தது. இவர் கடைச் சாவியை மேஜையில் வைத்தார். நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். குளிகை வந்தது, அமுக்கினேன். நேரம் முடிந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கவும் என்று வந்தது. இவர் பெயரிலிருந்து மறுபடியும் தட்ட ஆரம்பித்தேன்.