அடுத்த துந்துபி

மாமாவின் துப்பாக்கியைச் சேலத்தில் ஏலம் விட்ட அந்தத் தை மாத ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கு நான் போவதைக் குறைத்துக்கொண்டேன். மாமா என்று சொல்வது என் பெரியப்பா மகளின் கணவரை. மேச்சேரிப் பக்கம் மானாவாரி நிலமும் ஆட்டுப்பட்டியுமாக வாழ்ந்து, அதற்கு முந்தைய ஆண்டு காலமானவர்.

அது இங்கிலாந்தில் செய்த வேட்டைத் துப்பாக்கி. விசைக்கு மேலே இருபுறமும் வெள்ளித் தகடு. ஒரு தகட்டில் ஓடும் மான், மறு தகட்டில் அதைத் துரத்தும் நாய், சுற்றிலும் நரம்புகூடத் தெரியும்படி செதுக்கிய இலைகள். ஏற்காட்டுத் தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடம் மாமாவின் தாத்தா வாங்கியது. எனக்குத் தெரிந்து அது வேட்டைக்குப் போனதில்லை. தேர்தலுக்குத் தேர்தல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஒப்படைக்கப்படும், முடிவு வந்ததும் வீடு திரும்பும். ஆயுத பூஜையன்று அக்கா அதை டிராக்டர் சாவிக்கும் கடப்பாரைக்கும் நடுவில் வைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவாள். மாமா தள்ளி நின்று கும்பிடுவார். தொடமாட்டார். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமாவின் உரிமம் அவரோடு முடிந்தது. பிள்ளைகள் யாரும் துப்பாக்கியைக் கேட்கவில்லை. அக்கா அதை விற்று, வரும் தொகை முழுவதையும் மலையடிவாரக் காட்டில் விலங்குகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டக் கொடுக்க முடிவு செய்தாள். சேலத்தில் இயற்கை ஆர்வலர்கள் நடத்தும் சங்கம் ஒன்று ஏலத்தை நடத்த ஒப்புக்கொண்டது. அக்கா கேட்டது ஒன்றுதான்: தொட்டியில் மாமாவின் பெயர் இருக்க வேண்டும். அதற்கென்ன என்றார் சங்கத்தின் செயலாளர்.

ஏலத்துக்கு முன் துப்பாக்கியின் வரலாற்றை நான் பேச வேண்டும் என்றும் அவர்தான் கேட்டார். எங்கள் வட்டாரத்து நடுகற்களையும் கல்வெட்டுகளையும் பற்றி நான் சொந்தச் செலவில் ஒரு சிறு நூல் போட்டிருக்கிறேன். மாமாவின் ஆட்டுப்பட்டி ஓரத்தில் இருக்கும் கல்லும் அதில் உண்டு. 'துந்துபி வருஷம் தை மாதம் சிறுத்தை பட்ட இடம்' என்று அதில் வெட்டியிருக்கிறது. தாத்தா இந்தத் துப்பாக்கியால் சுட்டது என்பது குடும்பத்துக் கதை. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வருபவை. ஆகவே நம் காலத்துக்கு அருகில் இரண்டு துந்துபிகள் உண்டு, 1922 ஏப்ரலில் பிறந்தது ஒன்று, 1982 ஏப்ரலில் பிறந்தது ஒன்று. தாத்தாவின் காலம் என்பதால் முந்தியதைக் கொண்டு, '1923 தொடக்கம்' என்று போட்டிருந்தேன். நூலை மாமாவிடம் கொடுத்தபோது அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லாப் போட்டிருக்கீங்க மாப்ள" என்றார்.

மாமா இறந்ததும் துப்பாக்கியை ஒப்படைத்து வைத்திருந்த சேலத்துத் துப்பாக்கிக் கடைக்கு ஏலத்துக்குச் சில நாள் முன்பு போனேன். கடைக்காரர் பழைய பல் பிரஷ்ஷால் இலைச் செதுக்கலுக்குள் இறுகிப்போன சந்தனத்தை எடுத்துக்கொண்டிருந்தார். முன்கட்டையைக் கழற்றியபோது குழலின் அடியில், செய்த காலத்தில் சுட்டுச் சோதித்துக் குத்திய சோதனை முத்திரை தெரிந்தது. அந்த முத்திரையில் உள்ள எழுத்துகள் ஆண்டைக் குறிப்பவை. படம் எடுத்து வந்து சரிபார்த்தேன். துப்பாக்கி செய்யப்பட்டதே முதல் துந்துபிக்குப் பல ஆண்டுகள் கழித்து. நூலில் நான் போட்டது தப்பு.

எனக்கு வந்தது வருத்தமில்லை, குதூகலம். தன் தவற்றைத் தானே கண்டுபிடித்து மேடையில் ஒப்புக்கொள்வதைவிட வரலாறு எழுதுகிறவனுக்கு என்ன கௌரவம் வேண்டும்? அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. மேடைக்கென்று வைத்துக்கொண்டேன்.

ஓட்டல் ஹாலில் ஆயுத உரிமம் உள்ளவர்கள் முன்வரிசைகளில் இருந்தார்கள். பெரும்பாலும் லாரி முதலாளிகள், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் முதலாளிகள். அக்கா அவர்களுக்குப் பக்கத்தில் பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். நான் மைக்கைப் பிடித்து முத்திரையை விளக்கினேன், அறுபது வருஷச் சுழற்சியை விளக்கினேன், என் தவற்றை ஒப்புக்கொண்டேன். "ஆகவே கல்லில் இருப்பது அந்தத் துந்துபி அல்ல, அடுத்த துந்துபி. 1983 ஜனவரி" என்று முடித்துக் கைதட்டலுக்கு நின்றேன்.

திருச்செங்கோட்டு ரிக் முதலாளி ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏனுங்க, எம்பத்தி மூணுல சிறுத்தையச் சுட்டா கல்லா நடுவாங்க? கம்பியல்லங்க எண்ண வெப்பாங்க" என்றார்.

"தாத்தா அதுக்கு முன்னாலயே செத்துட்டாருங்களே" என்றார் அந்த வீட்டை அறிந்த இன்னொருவர். "செத்தும் எந்திரிச்சு வந்து சுட்டாராட்டம் இருக்குது."

ஹால் சிரித்தது. அப்போதுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. வனவிலங்குச் சட்டம் வந்து பத்தாண்டு ஆகியிருந்த காலம் அது. அந்த வருஷம் அந்த வீட்டில் துப்பாக்கி பிடிக்கக்கூடிய ஆண் ஒருவர்தான், கல்யாணமாகிச் சில மாதமே ஆன மாமா. முன்வரிசையில் அக்கா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

ஏலம் நன்றாகவே போனது. சிரிக்கவைத்த ரிக் முதலாளியே எடுத்தார். தேநீர் வேளையில் செயலாளர் அக்காவிடம் வந்து, தொகைக்கு நன்றி சொல்லி, ஆனால் தொட்டியில் பெயர் போடுவது இனி சங்கத்துக்குச் சங்கடம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அக்கா "சரிங்க" என்றாள்.

காரை நான்தான் ஓட்டினேன். ஓமலூர் தாண்டினோம். அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்: "உனக்கு வருசம் சரியாப் போச்சா சாமி?"

பட்டியில் தொடர்ந்து ஆடு போனதையும் மாமா காவலிருந்து சுட்டதையும் அவளே சொன்னாள். விடிந்து போய்ப் பார்த்தால் சிறுத்தையின் மடியில் பால் கட்டியிருந்ததாம். குட்டிகளைத் தேடி மாமா பக்கத்துப் பாறைக் கரடெல்லாம் அலைந்தார், கிடைக்கவில்லை. அதன்பிறகு துப்பாக்கியைத் தொட்டதில்லை. கல்லை நட்டவரும் அவர்தான். யாரோ கேட்டபோது பயத்தில் தாத்தா பெயரைச் சொன்னார். ஊர் அதைப் பெருமையாகப் பேசப் பேச, மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

"இத வித்துத் தண்ணித்தொட்டி கட்டுன்னு சொல்லிட்டுத்தான் உங்க மாமன் கண்ண மூடுனாரு. பேரு போடுன்னு சொல்லலை. நாந்தான் ஆசப்பட்டேன்" என்றாள். "அந்தக் கல்லுக்கு நான் பொங்கலுக்குப் பொங்கல் பூ வெச்சிருக்கறேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

கேட்டிருக்கலாம். முத்திரையைக் கேட்டேன், கல்லைக் கேட்டேன், அந்த வருஷம் அந்த வீட்டில் மணப்பெண்ணாக இருந்தவளைக் கேட்கத் தோன்றவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன்: அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே என் மனத்தின் ஒரு மூலை, 1983 உறுதி, நேரில் கண்டவர் சாட்சி உண்டு என்று குறித்துக்கொண்டது. அதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கூசுகிறேன்.

பங்குனியில் தொட்டி கட்டி முடிந்தது. என்ன எழுதுவது என்று செயலாளர் கேட்டதற்கு, "பேரு வேண்டாமுங்க. வருசத்த மட்டும் போடுங்க, எங்க பட்டிக்கல்லுல இருக்கற மாதிரி" என்றாள் அக்கா. ஈரச் சிமென்ட்டில் எழுதுவதற்காகக் கொத்தனார் என் பக்கம் திரும்பினார். 'விசுவாவசு வருஷம் பங்குனி மாதம்' என்றேன். அவர் ஆணியால் கீறி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இங்கிலீசு வருசமும் போட்டரலாமுங்களா? பின்னால பாக்கறவங்களுக்கு எந்த விசுவாவசுன்னு தெரியாமப் போயிருமுங்க."

அக்கா குழாயிலிருந்து தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாமுங்க" என்றேன்.