எஸ்தர் அத்தையின் இசைத்தட்டு

எங்கள் தெருவில் செம்பில் தண்ணீர் எடுத்து வைத்தால் அது சும்மா இருக்காது. இரவும் பகலும் ஷிப்டு மாறி மாறி ஓடிய விசைத்தறிகளின் அதிர்வு தரை வழியாக ஏறி வந்து, தண்ணீரின் மேல் சிறு சிறு வளையங்களாக நடுங்கிக்கொண்டே இருக்கும். அருப்புக்கோட்டையின் அந்தத் தெருவில் எட்டுத் தறிக் கொட்டகைகள். நடுவே சிறியதொரு தேவாலயம். அதற்கு எதிர்வீடு எங்களுடையது. ‘கரண்டு’ இருக்கும்போதே தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றால் அதற்கு ஒரே பொருள்தான்: தெருவில் யாரையோ கடைசியாகத் தூக்கிப் போகிறார்கள். அவர்கள் முக்குத் திரும்பும்வரை எந்தக் கொட்டகையிலும் தறியைத் தொடமாட்டார்கள்.

அப்பாவின் தங்கை எஸ்தர் அத்தை பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். சபையார் எல்லோரும் ஒரே சீராகப் பாடும்போது அவர் மட்டும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதை இழுத்து, உடைத்து, ஏறக்குறைய அழுதுவிட்டுத்தான் கீழே வைப்பார். “மெட்டுன்னு ஒண்ணு இருக்கு. இவுக இஷ்டத்துக்கு உருகுறாக” என்று உபதேசியார் அலுத்துக்கொள்வார். அத்தை தாமே பாட்டும் கட்டினார். மழை பொய்த்த ஒரு வருடம், திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தில் நடந்த ஜெபக் கூட்டத்தில், ‘வத்திப்போன கிணத்துலயும் வாளி விடுவேன்’ என்று தொடங்கும் பாட்டை அவர் பாடக் கேட்ட சென்னைக்காரர் ஒருவர், இசைத்தட்டு போடலாம் என்று அழைத்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. மூன்று நாள் ஸ்டூடியோவில் பாடிவிட்டு அத்தை ஊர் திரும்பினார். நான்கு மாதம் கழித்துப் பார்சல் வந்தது. பக்கத்துக்கு ஐந்தாகப் பத்துப் பாட்டு. அட்டையில், யாரோ பொய் சொல்லிவிட்டது போல முறைக்கும் அத்தை.

எங்களிடம் அதைப் போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை. ஒரு சனிக்கிழமை, சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த விளைச்சலை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில், ‘ரேடியோ செட்டு’ முத்தையா தேவாலய வேம்பில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி அதை முதன்முதலாக ஓடவிட்டார். வந்தது அத்தையின் குரலே இல்லை. யாரோ கனத்த உடம்புக்காரர் சுமையோடு மேடு ஏறுவது போல ஓர் ஆண்குரல் இழுத்து இழுத்து வந்தது. பூசணிக்காய் ஏலம் கேட்டவர் கேட்பதை நிறுத்தினார். “ஏலே, டீச்சரம்மா மெட்ராஸ் போயி மீசை வச்சிட்டு வந்துட்டாகடா!” என்று ஒருவர் சொல்ல, கூட்டம் முழுக்கச் சிரித்தது. கம்பெனிக்காரன் வேறு ஆளை வைத்துப் பாடவைத்து, அத்தையின் படத்தை மட்டும் ஒட்டி ஏமாற்றிவிட்டான் என்று மறுநாள் முடிவாகிவிட்டது. தையல் வகுப்பிலும் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“விடு எஸ்தரு, நாலு நாள்ல மறந்துருவாக” என்றார் அப்பா.

“நான் மறக்க மாட்டேன்ணே. அது என் குரலு” என்ற அத்தை, நேரே முத்தையாவிடம் போனார். அவர் தலையைச் சொறிந்தார். “தட்டு மேல தப்பில்ல டீச்சர். கரண்டு பத்தல. இம்புட்டுத் தறியும் ஓடுறப்ப என் மிஷினு நொண்டுது.”

அன்று சாயங்காலமே, என்னையும் கூட்டிக்கொண்டு, அத்தை கெங்கையாவின் கொட்டகைக்குப் போனார். வீட்டில் கன்னடமும் வெளியே தமிழும் பேசுகிற கெங்கையா சொன்னால் மற்ற ஏழு கொட்டகைக்காரர்களும் கேட்பார்கள். வரும் சனிக்கிழமை நாலு மணிக்கு நாற்பது நிமிடம் தறிகளை நிறுத்தவேண்டும் என்று அத்தை கேட்டதும் அவர் பதறிப்போனார்.

“டீச்சரம்மா, சாவுக்குத்தான் தறி நிக்கும். பாட்டுக்கு நிப்பாட்டுனா தெருவுக்கு ஆகுமா?”

“நான் செத்தா நிப்பாட்டுவீகள்ல?”

“என்ன பேச்சு இது? நிப்பாட்டாம இருப்பமா?”

“அத இப்பக் குடுத்துருங்க. அன்னைக்கு எனக்கு வேண்டாம். அன்னைக்குக் கேக்க நான் இருக்க மாட்டேன்.”

நூல் சுற்றிக்கொண்டிருந்த கெங்கையாவின் மனைவிதான், தலை நிமிராமல், “குடுத்துருங்க. இல்லன்னா நாளைக்கும் வந்து நிப்பாக” என்றார்.

சனிக்கிழமை நாலு மணிக்குத் தறிகள் நின்றன. செம்புத் தண்ணீர் கண்ணாடி போலானதை நான் அன்றுதான் சாவகாசமாகப் பார்த்தேன். செத்தது யார் என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். குழாயிலிருந்து அத்தையின் குரல் வந்தது. அதே இழுப்பு, அதே உடைப்பு. தலையில் பஞ்சுத் தூசியோடு தறிக்காரர்கள் வாசலில் குந்தியிருந்தார்கள். வாளிப் பாட்டு வந்தபோது ஏலத்தில் ‘மீசை’ என்று கேலி செய்தவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். தட்டைத் திருப்பிப் போட்டு இரண்டாம் பக்கமும் ஓடி முடிந்ததும் உபதேசியார் சொன்னார்: “மெட்டு தப்புதான். ஆனா பாடுனது இவுகதான்.” அத்தை முதன்முறையாகச் சிரித்தார்.

பதினோரு ஆண்டுகள் கழித்து அத்தை இறந்தார். படுக்கையில் கிடந்தபோதே கெங்கையாவுக்கு ஆள் அனுப்பி, பேச்சு பேச்சாக இருக்கவேண்டும் என்று நினைவூட்டியிருந்தார். சவப்பெட்டி எங்கள் வாசலை விட்டு இறங்கியபோது எட்டுக் கொட்டகைகளிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. கெங்கையா தன் கொட்டகை வாசலில் கைகட்டி நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் தறிச் சத்தம் ஓயவில்லை. முத்தையா அந்தத் தட்டைப் போட்டார். கரண்டு பத்தாமல், அதே கனத்த ஆண்குரலில், மேடு ஏறுவது போல, ‘வத்திப்போன கிணத்துலயும்’ என்று அத்தை தெருமுனைவரை பாடிக்கொண்டே போனார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

இப்போது அந்தத் தெருவில் ஒரு தறியும் இல்லை. கெங்கையாவின் கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கடை. பத்துப் பாட்டையும் தம்பி மகன் என் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். எத்தனை முறை போட்டாலும் அத்தையின் குரல் வேகம் குறையாமல், பிசிறில்லாமல் வருகிறது. அவர் அடம்பிடித்து வாங்கிய குரல் அதுதான். ஆனாலும் வாளிப் பாட்டு தொடங்கும்போதெல்லாம் என் கண் தானாகச் செம்பின் பக்கம் போகிறது. தண்ணீர் அசைவதில்லை.