யாரும் பிரிக்காத கவர்

எழுபதுகளின் நடுவில் நான் தூத்துக்குடியில் ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்தபோது, எங்கள் கோர்ட்டில் கறுப்பு அங்கி போட்ட பெண் நான் ஒருத்திதான். நான் உள்ளே நுழைந்தால் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவார்கள். பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்துவார்கள். நாசரேத்தில் வாத்தியார் வீட்டுப் பெண்ணாக வளர்ந்த எனக்கு அது மரியாதை என்றே பட்டது. அதை வைத்து ஒரு வழக்கை ஜெயிக்கலாம் என்பது சீனியருக்குத்தான் தோன்றியது.

முதல் ஒரு வருஷம் எனக்குக் கிடைத்த வேலை வாய்தா வாங்குவது, நகல் மனு போடுவது, சீனியர் மறந்துவிட்டுப் போன கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடுவது. அப்படியிருக்க ஒருநாள் அவர், "இந்தக் கேஸுல நீ என் பக்கத்துலயே உக்காரணும். ஒரு வாய்தா விடப்படாது" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கு அம்மாவுக்குக் கடிதம்கூட எழுதினேன், என்ன வழக்கு என்பதை மட்டும் எழுதவில்லை.

எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்ட எங்கள் கட்சிக்காரர், ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர். ஹார்பருக்குப் போகிற ரோட்டில் கடை. கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்கு பாஸ்போர்ட் படம், மாதா கோவிலில் முதன்முதலாக நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்பில் படம். போலீஸ் சோதனை போட்டதில் மேஜை இழுப்பறையில் ஒரு பழுப்புக் கவர் கிடைத்தது. ஆபாசப் படங்கள் விற்பனைக்கு வைத்திருந்தார் என்று குற்றச்சாட்டு. நான் சட்டப் புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்தேன். முதல் தடவை என்றால் இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். இருபது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்றால் மூன்று வருஷம் வரை. வாங்குகிறவனுடைய ஒழுக்கம் கெடக்கூடாது என்பதில் சட்டம் கவனமாக இருந்தது. படத்தில் இருப்பது ஒரு குழந்தையாக இருந்தால் என்ன என்று தேடினேன். அந்தப் பிரிவில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

குழந்தைதான். அதை எனக்குச் சொன்னது கேஸ் கட்டு அல்ல, வராந்தாவில் நின்ற ஒரு பெண். சங்குக் கிடங்கில் சங்கு கழுவுகிறவள், கையெல்லாம் வெடிப்பு. முதல் வாய்தா அன்று, நான் பெண் என்பதால் தன் பக்கத்து வக்கீல் என்று நினைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"வக்கீலம்மா, அந்தக் கவரு கடைசியில எங்க போவும்?"

அவள் மகளுக்குப் பதினொரு வயது. புதுநன்மைப் படம் எடுக்கப் போனவளை, படம் சரியாக விழவில்லை, இன்னொரு நாள் தனியாக வா என்று கூப்பிட்டிருக்கிறார் எங்கள் கட்சிக்காரர். அப்புறம் நடந்ததைப் பிள்ளை தாயிடம் சொல்லியிருக்கிறாள். தாய் தன் கோவிலுக்கே வருகிற ஒரு ஏட்டையாவிடம் சொன்னாள், பிள்ளை பெயர் எங்கேயும் வரக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. போலீஸ் காகிதத்தில் அது 'கிடைத்த ரகசியத் தகவலின் பேரில்' என்று ஆயிற்று.

"அந்த ஆளுக்கு ஜெயிலு கெடச்சாலும் சரி, கெடைக்காட்டாலும் சரி. படம் வெளிய இருக்கப்படாது. எரிச்சிருவாங்களாம்மா?"

தண்டனை ஆனால் எரிக்க உத்தரவு போடலாம் என்று சொன்னேன். அது சட்டத்தில் இருந்தது. தண்டனை ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்பதைச் சொல்லவில்லை. அவள் என் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை.

விசாரணை தொடங்கியது. சோதனைக்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட டீக்கடை அண்ணாச்சி கூண்டில் ஏறினார். கவருக்குள் என்ன இருந்தது என்று சீனியர் கேட்டார்.

"அசிங்கப் படம் ஐயா."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எதுக்குய்யா பாக்கேன்? பொம்பளப் பிள்ள பெத்தவன். மொகத்த அங்கிட்டுத் திருப்பிக்கிட்டேன்."

அடுத்து சப்-இன்ஸ்பெக்டர். அவர் விரத காலத்தில் இருந்தாராம், பார்க்கவில்லை, ஏட்டு பார்த்திருப்பார் என்றார். ஏட்டையா, கவரை அப்படியே மூடி அரக்கு சீல் வைத்ததாகச் சொன்னார். உள்ளே பார்த்தால் யார் படம் என்று தெரியும், தெரிந்தால் கோர்ட்டில் கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டிவரும். அவர் சத்தியத்தைக் காப்பாற்றினார். கைப்பற்றிய பொருளை விவரிக்கும் மகஜரில் எழுதியிருந்தது 'ஆபாசப் படங்கள் அடங்கிய கவர் ஒன்று' என்பது மட்டும். எத்தனை படம் என்றுகூட இல்லை.

அரசு வக்கீலுக்கு வியர்த்துவிட்டது. கவரை இப்போதே பிரித்துப் பார்க்கலாம் என்று எழுந்தார். மாஜிஸ்திரேட் கவரைக் கையில் எடுத்தார். அரக்கில் விரலை வைத்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சீனியர் தன் நாற்காலியை லேசாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார், நான் நன்றாகத் தெரிகிற மாதிரி.

"லேடி அட்வகேட் இருக்காங்க. அப்புறம் பாத்துக்கலாம்" என்று மாஜிஸ்திரேட் கவரை ஓரமாக வைத்தார்.

ஒரு வாய்தா விடாமல் ஏன் வரச் சொன்னார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. திரைச்சீலை வேலைக்கு எம்.ஏ., பி.எல். படித்திருக்க வேண்டியதில்லை. கோபம் கோபமாக வந்தது. எழுந்து வெளியே போயிருக்கலாம், கவர் பிரிந்திருக்கும். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கட்சிக்காரருக்கு விரோதமாக வெளிநடப்புச் செய்வது தொழில் தர்மம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த 'அப்புறம்' வரவில்லை. படங்களில் என்ன இருந்தது என்று ஒரு சாட்சிகூடச் சொல்லவில்லை, ஆகவே அவை ஆபாசம் என்று நிரூபணமாகவில்லை என்று வாதாடினார் சீனியர். விடுதலை. தீர்ப்பின் கடைசி வரி எல்லாத் தீர்ப்பிலும் வருகிற வரிதான்: சான்றுப்பொருளை எதிரியிடம் திருப்பிக் கொடுக்கவும்.

வராந்தாவில் அவள் நின்றாள். தீர்ப்பு இங்கிலீஷில் இருந்ததால் அவளுக்குப் புரியவில்லை. நான் தமிழில் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அப்பம் அவன்கிட்டயே குடுத்துருவாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இந்த இடத்தில் எங்கள் கட்சிக்காரரே உதவி செய்தார், தெரியாமல். கவரே தன்னுடையது இல்லை, போலீஸ் கொண்டுவந்து வைத்தது என்று அவர் கோர்ட்டில் வாக்குமூலம் கொடுத்திருந்தார். கவரை வாங்க வேண்டுமானால் என்னுடையது என்று கையெழுத்துப் போட வேண்டும். "எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் மேடம்?" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுப் போனார். பொய்யில் அவ்வளவு நாணயமான மனுஷனை நான் பார்த்ததில்லை.

கோர்ட்டில் சொத்து குமாஸ்தா என்று ஒருவர் உண்டு. பிடிபட்ட சைக்கிள், பித்தளைக் குடம், அரிவாள் எல்லாம் அவர் பொறுப்பு. அவரிடம் கேட்டேன்.

"யாரும் வாங்க வரலேன்னா ஆறு மாசம் பாப்போம். பொறவு ஏலம்தான்" என்றார்.

"படத்தையுமா அண்ணாச்சி?"

"கவரு ஒண்ணுன்னுதான இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு நமக்கு என்னத்துக்கு?"

அன்று சாயங்காலமே கிடங்கு வாசலில் அவளைப் பார்த்து ஒரே ஒரு வழி இருப்பதைச் சொன்னேன். அந்தப் பொருள் என் மகளுடையது, என்னிடம் கொடுங்கள் என்று அவளே மனுப் போடலாம். ஆனால் கோர்ட்டில் வாய் திறந்து சொல்ல வேண்டும். கோர்ட்டில் சொன்னது மீன் மார்க்கெட்டுக்கு மத்தியானத்துக்குள் போய்விடும். அவள் இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுதும்மா" என்றாள்.

சீனியருக்குத் தெரியாமல் மனுவை நான் எழுதினேன். எதிரிக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டபோது சீனியர் எழுந்து, இல்லை என்றார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். என் பக்கம் திரும்பவே இல்லை.

"இது யாருடையது?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"எம் பிள்ளையோடது ஐயா. அதுல இருக்கது எம் பிள்ள."

பெஞ்சில் பேச்சு நின்றது. ஏட்டையா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மாஜிஸ்திரேட் குனிந்து உத்தரவு எழுதினார். பதிவேட்டில் அவள் இடது பெருவிரலை உருட்டினாள். கவர் கைக்கு வந்தது, அரக்கு உடையாமல்.

கோர்ட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், டீக்கடை அண்ணாச்சியிடம் வாங்கிய தீப்பெட்டியோடு அவள் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள். கடல் காற்றில் இரண்டு குச்சி அணைந்தது. நான் முந்தானையால் மறைத்துக்கொண்டேன். மூன்றாவது குச்சியைக் கிழிக்குமுன் நிமிர்ந்து கேட்டாள்.

"நெகட்டிவும் இதுக்குள்ளதானம்மா இருக்கு?"

பிரித்துப் பார்த்தால் தெரிந்திருக்கும். அரக்கை உடைக்க நகம் போதும். அவளால் முடியாது, பெற்றவள். நான் பார்த்திருக்கலாம், அங்கே அதை என்னிடமிருந்து மறைக்க மாஜிஸ்திரேட்டும் இல்லை, சீனியரும் இல்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ஆமா, இருக்கு" என்றேன்.

அவள் சிலுவை போட்டுக்கொண்டு குச்சியைக் கிழித்தாள்.