சீனியம்மா உயர்த்திய கை

இருபத்தொரு வயதாகும்வரை, தனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று சீனியம்மாவுக்குத் தெரியாது. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பன்னிரண்டு வயதில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்தவள். ஒன்பது வருஷம் அந்த வீட்டார் கேட்டதைச் சமைத்தாள். மிஞ்சியதைச் சாப்பிட்டாள். மாடிப்படிக்குக் கீழே, அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்தாள்.

அடுத்த வீட்டில் வேலை செய்தவள் பாக்கியலெட்சுமி. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் இருவரும் வீட்டுக்காரரின் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போவார்கள். றெயில் பாதையைத் தாண்டிக் கற்களில் உட்கார்ந்து, பிள்ளைகள் தண்ணீரில் இறங்கிவிடாமல் ஒரு கண் வைத்தபடி கதைப்பார்கள். 1995இல் ஒரு நாள் பாக்கியலெட்சுமி சொன்னாள்:

"புறக்கோட்டையில மொளகாத்தூள் பாக்கெட் போட ஆள் எடுக்கிறாங்களாம். நாம தனியா ஒரு வீடு பாத்துப் போயிருவோமா?"

"ரெண்டு பொம்பளப் புள்ளைங்களுக்கு எவன் வீடு தருவான்?"

"அப்ப ஏழு பேராப் போவோம்."

சிரித்துக்கொண்டு சொன்னது, நாலு மாதத்தில் அப்படியே நடந்தது. கொட்டாஞ்சேனையில், தேவாலய மணி கேட்கும் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில், ஓய்வுபெற்ற கிளாக்கர் இராஜநாயகத்தின் வீட்டு மேல்மாடிக்கு ஏழு பெண்கள் குடிவந்தார்கள். ஐந்து பேர் மலையகத்துப் பிள்ளைகள். எல்லோரும் வீட்டு வேலையை உதறிவிட்டு வந்தவர்கள். ஆறாமவள் ரபீக்கா. யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத்தெருவில் பிறந்தவள். தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறு என்று புலிகள் இயக்கம் சொல்ல, ஊரோடு சேர்ந்து நடந்து புத்தளம் அகதி முகாமுக்குப் போனவள், இப்போது தையல்காரி. ஏழாமவள் தவமலர். கிளிநொச்சிக்காரி. வெள்ளவத்தையில் ராசிக் என்பவரின் கடையில், வெளிநாட்டுக்கு டெலிபோன் எடுத்துக் கொடுக்கும் வேலை.

முதல் நாள் காலை, பழக்கதோஷத்தில் நாலரைக்கே எழும்பி, சீனியம்மா குசினியில் போய் நின்றாள். யாரும் மணி அடிக்கவில்லை. என்ன சமைப்பதென்று யாரும் சொல்லவில்லை. பாக்கியலெட்சுமி எழுந்து வந்து, "ஒனக்கு என்னாடி வேணும்?" என்று கேட்டாள். சீனியம்மா மாவு டப்பாவைத் திறந்து பார்த்தாள். பிறகு இருவரும் ரொட்டி தட்டினார்கள். அது தனக்குப் பிடித்துத்தான் தட்டினோமா, மாவு மட்டும் இருந்ததால் தட்டினோமா என்று சீனியம்மாவுக்கு அன்று முழுக்கச் சந்தேகமாக இருந்தது.

அந்த வீட்டின் ஒழுங்கு மெல்ல மெல்ல உண்டானது. சமையல் முறை வைத்து வந்தது. தவமலருக்குச் சோறு வடிக்கக்கூடத் தெரியாது. அவளுடைய முதல் சோற்றை ஏழு பேரும் கரைத்துக் குடித்தார்கள் என்றுதான் சொல்லவேண்டும். இறைச்சி வாங்குவதென்றால் ரபீக்காதான் வாங்கவேண்டும், அப்போதுதான் அவளும் சேர்ந்து சாப்பிடலாம். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருத்தி லீவு போடவேண்டும். பொலிஸ் நிலையத்துக்கு ஒருத்தியும் தனியே போகக்கூடாது. ஞாயிறு காலை பாய் விரித்து உட்கார்ந்து, எதையும் கை உயர்த்தித்தான் தீர்மானித்தார்கள். தண்ணீர் பிடிப்பதில் சண்டை வரும், தலைமயிர் குளியலறையில் கிடப்பதில் சண்டை வரும், மூன்று நாள் முகம் பாராமல் இருப்பார்கள். ஞாயிறு வந்தால் அதே பாயில் உட்காரத்தான் வேண்டும்.

சீனியம்மாவிடம் பிறப்புச் சான்றிதழும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. கொழும்பில் அது இல்லாமல் தெருமுனையைத் தாண்டுவதே பெரிய பாடு. தவமலர் தோட்டத்துக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் ஏழு மாதம் விடாமல் கடிதம் எழுதினாள். அட்டை வந்த அன்று சீனியம்மா தன் படத்தைப் பார்த்து, "கள்ளி மாதிரி இருக்கேன்," என்றாள்.

"ஓம், ஆனா பதிஞ்ச கள்ளி," என்றாள் தவமலர்.

பதிலுக்கு சீனியம்மா அவளுக்குச் சிங்களம் சொல்லிக் கொடுத்தாள். சோதனைச் சாவடியில் நடுங்காமல் சொல்லவேண்டிய முதல் வசனம்: "மம கொட்டஹேனே இன்னவா," நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். தவமலர் எத்தனை தரம் சொன்னாலும் அது யாழ்ப்பாணத் தமிழ் போலவே ஒலித்தது.

1998இல், நகரத்தில் ஒரு குண்டு வெடித்த கிழமை, பட்டப்பகலில் பொலிசார் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். கிளிநொச்சி என்று பிறந்த இடம் போட்டிருந்த அட்டைக்காகத் தவமலரை ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்ற ஆறு பேரும் அன்றே வேலையை விட்டுவிட்டுப் பொலிஸ் நிலைய வாசலுக்குப் போனார்கள். இரண்டு நாள், காலையிலிருந்து பொழுது படும்வரை, வெயிலில் நின்றார்கள். உள்ளே போய்ச் சிங்களத்தில் மன்றாடியவள் சீனியம்மா. மூன்றாம் நாள் தவமலரை விட்டார்கள். ஏழு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறி வந்தார்கள். அந்த வீடு ஒரு குடும்பம்தான் என்று சீனியம்மா நம்பிய நாள் அது.

அடுத்த நாள் இராஜநாயகம் மேலே வந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. கதிரையில் உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளையள், எனக்கு ஒருத்தரிலயும் கோவமில்லை. எண்பத்திமூண்டுக் கலவரத்தில ஒருக்கா என்ர வீட்டை எரிச்சுப்போட்டாங்கள். இன்னொருக்கா என்னால தாங்க ஏலாது. அந்தக் கிளிநொச்சிப் பிள்ளையை வேற இடம் பாக்கச் சொல்லுங்கோ. இல்லாட்டி எல்லாரும் வெளிக்கிடுங்கோ. ஞாயிற்றுக்கிழமை முடிவைச் சொல்லுங்கோ."

ஞாயிறு வந்தது. தவமலர் தானாகவே எழுந்து, "நான் இருந்தா நீங்க கதைக்க மாட்டீங்கள். கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போட்டு வாறன்," என்று செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

பாக்கியலெட்சுமிதான் முதலில் வாயைத் திறந்தாள். "எல்லாரும் போனா ஆறு பேரும் ஆறு வீட்டுக் குசினிக்குத்தான் போகணும். நான் போக மாட்டேன். செத்தாலும் போக மாட்டேன். அவ படிச்ச புள்ள. எங்கயும் பொழச்சுக்குவா."

ரபீக்கா பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்களையும் ஆரோ கூடியிருந்து கதைச்சுத்தான் போகச் சொன்னவங்க. அவங்களுக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கும். நான் கை தூக்க மாட்டன்."

பிறகு பாக்கியலெட்சுமி கையை உயர்த்தினாள். மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் உயர்த்தினார்கள். சீனியம்மாவுக்கு மாடிப்படிக்குக் கீழேயிருந்த அந்த இருட்டு கண்ணில் வந்தது, அரிசி மூட்டை வாசம் மூக்கில் ஏறியது. கை தோளளவுக்குத்தான் எழும்பியது. ஆனாலும் அது எழும்பிய கைதான்.

தவமலர் திரும்பி வந்தபோது எவரும் சொல்லவேண்டி இருக்கவில்லை. முகங்களைப் பார்த்தாள். "ஓம், விளங்குது," என்றாள். யார் யார் என்று கேட்கவில்லை. அன்று சோறும் பருப்பும் நெத்தலிப் பொரியலும் ஆக்கியிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகும்படி பாக்கியலெட்சுமி அழுதுகொண்டே சொன்னாள். "நேரம் போட்டுது," என்று பையைக் கட்டினாள் தவமலர். பையைத் தூக்கிக்கொண்டு பஸ்வரைக்கும் போனவள் ரபீக்கா. சீனியம்மா குசினியில் நின்று, கழுவிய சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தவமலர் தங்கினாள். இரண்டு கிழமை கழித்து, டெலிபோன் கடை ராசிக் கொட்டாஞ்சேனைக்குத் தேடி வந்தார். "தங்கச்சி, தவமலர் மூணு நாளா கடைக்கு வரல்லயே. சுகமில்லயா?"

சீனியம்மா அந்த லொட்ஜுக்கு ஓடினாள். காலை பத்து மணிக்கு வான் வண்டியில் மூன்று பேர் வந்தார்களாம். சீருடை இல்லையாம். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்களாம். அவள் அட்டையை எடுத்துக்கொண்டு தானே நடந்து போய் ஏறினாளாம். மனேஜருக்கு அதற்குமேல் தெரியாது.

சீனியம்மா ஏறாத பொலிஸ் நிலையம் இல்லை. இராணுவ முகாம் வாசல்களில் நின்றாள். சிறைச்சாலையில் பெயர்ப்பட்டியல் பார்க்கக் கெஞ்சினாள். ஓரிடத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர், "அவள் உனக்கு என்ன உறவு?" என்று சிங்களத்தில் கேட்டார். "ஒரே வீட்டில் இருந்தோம்," என்றாள். "இப்போதும் அந்த வீட்டிலா இருந்தாள்?" என்று கேட்டார். சீனியம்மா இல்லையென்று தலையசைத்தாள். அவர் உறவு இல்லை என்று எழுதிக்கொண்டார். எந்தப் பட்டியலிலும் தவமலரின் பெயர் இல்லை.

மேல்மாடி அவர்களுக்கே இருந்தது. ரபீக்கா யாரோடும் சண்டை போடவில்லை. சமைத்தாள், தைத்தாள், ஞாயிறு காலை பாயில் வந்து உட்கார்ந்தாள். ஆனால் அதன் பிறகு எதற்கும் அவள் கை உயரவில்லை, மின்விசிறி வாங்குவதற்குக்கூட. இரண்டு வருஷத்தில் புத்தளத்தில் கல்யாணமாகிப் போய்விட்டாள். பாக்கியலெட்சுமி சவூதிக்குப் போனாள். புதிது புதிதாகப் பெண்கள் வந்தார்கள். வருகிறவர்களுக்குச் சோறு வடிக்கவும், படிவம் நிரப்பவும், சாவடியில் நிமிர்ந்து நிற்கவும் சீனியம்மா கூட இருந்து பழக்கினாள். பாயில் உட்காரும் முதல் ஞாயிறே சொல்லிவிடுவாள்: "இங்க எதப் பத்தியும் கூடிப் பேசலாம். யாரு இருக்கிறது, யாரு போறதுன்னு மட்டும் பேசக்கூடாது." ஏனென்று கேட்டால் எழுந்து குசினிக்குப் போய்விடுவாள்.

2002இல் சண்டை ஓய்ந்து, கிளிநொச்சிப் பாதை திறந்தது. வைகாசியில் ஒரு நாள் காலை, கையில் இரண்டு பொலித்தீன் பைகளோடு ஒரு மெலிந்த அம்மா மாடிப்படி ஏறி வந்தாள். தவமலரின் தாய். நாலு வருஷமாகக் கடிதம் வராமல் போகவே, மகளின் பழைய கடிதமொன்றில் இருந்த முகவரியை விசாரித்து விசாரித்து வந்திருந்தாள். ஒரு பையில் முருங்கைக்காய், மற்றதில் மகளுடைய பள்ளிக்கூடப் படமும் கடிதங்களும்.

ஒன்பது நாள் அந்தத் தாய் மேல்மாடியில் தங்கினாள். சீனியம்மா லீவு போட்டு, அலுவலகம் அலுவலகமாகக் கூட்டிப் போனாள். எல்லா இடத்திலும் படிவம். அவற்றை நிரப்பியவளும் சீனியம்மாதான். பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம். தாய் படத்தை நீட்டுவாள். அவர்கள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். பின்னேரம் வந்து, அந்த அம்மா இளம் பெண்களோடு இருந்து வெங்காயம் உரிப்பாள். "என்ர பிள்ளை நல்ல இடத்திலதான் இருந்திருக்கிறாள்," என்று இரண்டு மூன்று தரம் சொன்னாள்.

அதைக் கேட்கக் கேட்க சீனியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் காலை, தாயைப் பாயில் உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒங்க மகள நாங்கதான் போகச் சொன்னோம். வீட்டுக்காரரு சொன்னாரு, உண்மதான். ஆனா கூடி உக்காந்து முடிவெடுத்தது நாங்க. நானும் கை தூக்கினேன்."

தாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே மீன்காரன் கூவிக்கொண்டு போனான். குரல் ஒழுங்கை முடியும்வரை கேட்டது.

"அண்டைக்கு அவள் சாப்பிட்டிட்டுப் போனவளோ?"

"இல்லம்மா."

தாய் தலையை ஆட்டினாள். எழுந்து, கொடியில் கிடந்த சேலையை எடுத்து மடித்தாள். படத்தையும் கடிதங்களையும் பைக்குள் வைத்தாள். சீனியம்மா புறக்கோட்டைவரை கூடப் போனாள். வவுனியா பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து, தண்ணீர்ப் போத்தலும் வாங்கிக் கொடுத்தாள். தாய் போத்தலை வாங்கினாள்.

"நான் உன்னைத் திட்ட மாட்டன், பிள்ளை," என்றாள். "நீ சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிராது. ஆனா இனி நான் உங்கட வீட்டுக்கு வரமாட்டன்."

அவள் வரவில்லை. சீனியம்மா வருஷத்துக்கு இரண்டு கடிதம் போட்டாள். எந்த அலுவலகத்துக்குப் போனேன், என்ன சொன்னார்கள் என்று எழுதினாள். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. 2006இல் மறுபடி சண்டை மூண்டு பாதையைப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு போட்ட இரண்டு கடிதங்கள், சேர்ப்பிக்க முடியவில்லை என்ற முத்திரையோடு கொட்டாஞ்சேனைக்கே திரும்பி வந்தன.